கரையாத கரி

பானுப்பிரியாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பள்ளிக்கூடம் போன வயதில், திருநின்றவூர் ஸ்டேஷனில், கிளம்பிவிட்ட மின்சார ரயிலில் ஓடிப்போய் ஏறப் பார்த்தபோது போனது. அதைப் பற்றிப் பேச அவளுக்குப் பிடிக்காது. யாராவது பரிதாபமாகக் கேட்டால் எலி கடித்துவிட்டது என்பாள். கேட்டவர்கள் முகம் சுருங்கிப்போவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பாட்டில் மூடிகளைப் பேக் செய்யும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னீர்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய், நடப்பதற்கென்று கொடுத்த செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு ஓடுவாள். அந்தக் கால் ஓடுவதற்கானது இல்லை. ஒவ்வொரு அடிக்கும் மரக்கட்டையை ஊன்றியது போல் இடுப்புவரை அதிரும். அப்படியும் மாவட்டப் போட்டிகளில் அவளை முந்த ஆள் இல்லை.

அவளோடு ராஜகுமாரி என்ற பெண்ணும் ஓடுவாள். பட்டாபிராம் பக்கம், பானுப்பிரியாவைவிட நாலைந்து வயது இளையவள், பிறவியிலேயே இடது பாதம் இல்லாதவள். அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவாள். பானுப்பிரியா முதலில் போய் நின்றுகொண்டு, மூச்சிரைக்க வந்து சேரும் அவளைப் பார்த்து, "இன்னாடி, பஸ்ஸ வுட்டுட்டியா?" என்பாள். ராஜகுமாரி சிரிப்பாள். ஒருத்தி எப்போதும் தன் பின்னால் வந்துகொண்டிருப்பது பானுப்பிரியாவுக்கு வேண்டியிருந்தது.

பானுப்பிரியாவின் அம்மா வேம்புலியம்மாள் முன்பு பூந்தமல்லிப் பக்கம் தோட்டங்களில் மல்லிகை பறித்தவள். தோட்டங்கள் மனைகளாகிப் போனபின் காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி பெருக்கித் துடைக்கிறாள். அங்கே மூன்றாவது மாடியில் கனிமொழி குடியிருந்தாள். கரூர்க்காரி, மெட்டீரியல் சயின்ஸ் என்கிற பொருளறிவியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அம்பத்தூரில் கண்ணாடி இழைத் தண்ணீர்த் தொட்டிகளும் ராட்சத மின்விசிறி இறக்கைகளும் செய்கிற ரவிச்சந்திரனின் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் லிஃப்ட் வேலை செய்யாமல் படியேறியபோது வேம்புலியம்மாளிடம் பேச்சுக் கொடுத்தாள். வேம்புலியம்மாள் மகள் ஓடுவதைச் சொன்னாள். ஒற்றைக் காலோடா என்று கனிமொழி படியிலேயே நின்றுவிட்டாள்.

ரவிச்சந்திரனுக்குத் தொட்டி செய்து அலுத்துப்போயிருந்தது. கால் இழந்தவர்கள் ஓடுவதற்கான வளைந்த பிளேடு ஒன்றை இங்கேயே செய்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதை மாட்டிக்கொண்டு ஓட ஒரு கால்தான் கிடைக்காமல் இருந்தது.

முதல் பிளேடு வந்த நாளைப் பானுப்பிரியா மறக்கவே இல்லை. கார்பன் இழைத் துணியை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கிலும் பிசின் ஊற்றி, அச்சில் அழுத்தி வேகவைத்து எடுத்தது. கறுப்பாக, கொக்கி போல வளைந்து, பளபளவென்று இருந்தது. அதை ஊன்றியதும் அது அவளைத் திருப்பி எறிந்தது. மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து கனிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுவாரம் ராஜகுமாரி பாதி தூரம்கூட வருவதற்கு முன் பானுப்பிரியா ஓடி முடித்திருந்தாள். அன்று கேலி செய்யக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ரவிச்சந்திரனுக்கு அது போதவில்லை. வெளிநாட்டுப் பிளேடுகள் இதைவிட எடை குறைவு. அடுக்குகளைக் குறைத்தால் எடை குறையும், ஆனால் பலமும் குறையும். அதற்குக் கனிமொழி ஒரு வழி வைத்திருந்தாள். கார்பன் இழை இழுத்தால் அறாது. ஆனால் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே இருப்பது வெறும் பிசின்தான். பிளேடு பிளந்தால் அங்கேதான் பிளக்கும். அந்தப் பிசினில் கார்பன் நானோகுழாய்களைக் கலந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்குழாய்கள் விரிசல் ஓடவிடாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். பார்ப்பதற்கு அடுப்புக்கரி போல இருக்கும் அந்தத் தூளில் ஒரு சிட்டிகை போதும். ஒரே ஒரு சங்கடம், அந்தக் குழாய்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உருண்டையாகும். அவற்றைப் பிசினில் சீராகப் பிரித்துவிடாவிட்டால், பலத்துக்குப் போட்டதே விரிசலுக்கு வாசலாகிவிடும்.

பிரிப்பதற்கு வைத்திருந்த அதிர்வுக் கருவி பழுதாகிப்போனது. பிசின் கலக்குகிற சாதாரணக் கலக்கியில் போட்டுச் சுற்றினார்கள். கனிமொழி ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். கறுப்புக் காலிஃபிளவர் மாதிரி கட்டிகள் மிதந்தன. பெங்களூரிலிருந்து ஒரு பெரிய மருத்துவக் கருவிக் கம்பெனியின் ஆட்கள் அந்த வார இறுதியில் பார்க்க வருவதாக இருந்தது. அவள் ரவிச்சந்திரனின் அறைக்குப் போனாள்.

"சார், கட்டி கட்டியா நிக்குது. இதுல செஞ்சா அந்த எடத்துலதான் பிளக்கும்."

"எப்பப் பிளக்கும்?"

"சொல்ல முடியாது. அமுக்கிப் பாத்தா தாங்கும். திரும்பத் திரும்ப மிதிச்சாத்தான் தெரியும். மெஷின்ல மாட்டி ஆட்டிப் பாக்கணும், அதுக்கு ரெண்டு வாரம் ஆகும்."

ரவிச்சந்திரன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கோபக்காரர் இல்லை. தொழிலாளிகளின் கல்யாணங்களுக்குத் தவறாமல் போகிறவர்.

"அந்தப் பொண்ணு ஓடட்டும். மெஷின் சொல்றத அவ சொல்லுவா."

கனிமொழி திரும்பி வந்து அந்தப் பிசினையே ஊற்றினாள். பிளேடு எந்த இடத்தில் பிளக்கத் தொடங்கும் என்று பார்ப்பதற்காக, ஓட்டத்தை மிக மெதுவாகக் காட்டும் கேமரா ஒன்றுக்கும் ஏற்பாடு செய்தாள். விழுந்தால் பிடிப்பதற்கு யாரையும் ஏற்பாடு செய்ய அவளுக்குத் தோன்றவில்லை.

புதிய பிளேடு கையில் எடுத்தால் காற்று மாதிரி இருந்தது. ஒடிந்துவிடாதா மேடம் என்று பானுப்பிரியா சிரித்துக்கொண்டே கேட்டாள். கனிமொழி குனிந்து சாக்கெட்டின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தாள். சாக்கெட் என்பது மிச்சமிருக்கும் காலை நுழைத்துக்கொள்ளும் கிண்ணம், பிளேடு அதோடுதான் இணைந்திருக்கும். நன்றாக ஓடு என்று மட்டும் சொன்னாள்.

வந்தவர்கள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பானுப்பிரியா அன்றுதான் தன் வாழ்நாளின் வேகத்தில் ஓடினாள். இரண்டு ஓட்டம் முடிந்தது, கை தட்டினார்கள். ரவிச்சந்திரன் இன்னொரு முறை என்று விரலைக் காட்டினார். மூன்றாவது ஓட்டத்தில், வளைவைத் தாண்டி முழு வேகத்தில் வரும்போது, காய்ந்த மூங்கில் பிளப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பிளேடின் கீழ்ப்பாதி தனியே பறந்தது. சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த மேல்பாதியின் கூர்முனை மண்ணில் குத்தி நின்றுவிட, ஓடிவந்த வேகத்தில் உடம்பு மட்டும் அதன்மேல் திருகிக்கொண்டு போய் விழுந்தது.

ராஜகுமாரிதான் முதலில் ஓடிவந்தாள். பானுப்பிரியாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முழங்கால் போகக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. பின்னாலேயே ரவிச்சந்திரன் வந்தார். பானுப்பிரியா அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டிப் போய்ப் பறந்து விழுந்த துண்டைத் தேடினார்.

"ஒடஞ்ச எடத்தத் தொடாதீங்க, ஒரசிடப் போவுது," என்றார், பின்னால் வந்த ஆட்களிடம். "பஞ்சுல சுத்தி எடுங்க."

மண்ணில் குத்தியிருந்த துண்டு இன்னும் சாக்கெட்டில்தான் இருந்தது. கனிமொழி மண்டியிட்டு அதைத் திருகிக் கழற்றினாள். ஒவ்வொரு திருகுக்கும் பானுப்பிரியா அலறினாள். கழற்றி முடித்தபின்தான் வண்டியைக் கூப்பிட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அறுந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே தொடையோடு எடுத்தார்கள். முட்டி இருக்கிற வரையில்தான் அந்த மாதிரி பிளேடு. முட்டியும் போய்விட்டால் இயந்திர முட்டி வேண்டும், அதன் கதையே வேறு. பானுப்பிரியாவின் ஓட்டம் அன்றோடு முடிந்தது.

ரவிச்சந்திரன் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு முறை வந்தார். வேம்புலியம்மாளிடம், பெண் இரண்டு மாதத்தில் எடை கூடிவிட்டதாகவும், எடை மாறினால் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் வருத்தமாகச் சொன்னார். வேம்புலியம்மாளுக்கு அதில் ஏதோ தன் சமையலைக் குற்றம் சொல்வது போலப் பட்டது. வீட்டுக்கு வந்தபின் மகளின் தட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்தாள். பானுப்பிரியா அதைப் பார்த்தாள். தட்டைத் தள்ளிவிட்டு மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை.

காட்டுப்பாக்கத்தில் வேம்புலியம்மாள் மாடிப்படி பெருக்கும் நேரத்தில் கனிமொழி லிஃப்டில் இறங்கத் தொடங்கினாள்.

ராஜகுமாரி மட்டும் வந்துகொண்டிருந்தாள். ரயிலைப் பிடித்துத் திருநின்றவூர் வந்து, ஏரிப் பக்கம் அம்மாவும் மகளும் குடியிருந்த வாடகை வீட்டில் பானுப்பிரியாவைத் தூக்கி உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவாள். துணி துவைத்துப் போடுவாள். பானுப்பிரியா அவளைத் திட்டுவாள், தண்ணீர் சூடு போதாது என்பாள், சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது என்பாள். ராஜகுமாரி பொறுத்துக்கொள்வாள். அவள் இரண்டு கையையும் ஊன்றாமல் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் பானுப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு வருஷம் போயிற்று. ஒரு நாள் ராஜகுமாரி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். கம்பெனியில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். புதுப் பிளேடு செய்திருக்கிறார்களாம், ஒரு விழா வைத்து அவளுக்கு மாட்டிவிடப் போகிறார்களாம். பானு அக்கா பார்த்து நல்லது என்று சொன்னால்தான் மாட்டுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அதற்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது மட்டும் இல்லை, சந்தோஷமும் பட்டது. விழாவில் பிளேடைப் பானுப்பிரியாவே எடுத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று ரவிச்சந்திரன் நினைத்தார். கார் அனுப்பினார்.

விழாவுக்கு முன்னால் கனிமொழி அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சோதனை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஒரு மெஷின் புதுப் பிளேடு ஒன்றை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி மூன்று பிளேடுகளை மாதக்கணக்காக மிதிக்கவிட்டாயிற்று, ஒன்றிலும் விரிசல் இல்லை என்றாள் கனிமொழி. பிறகு கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்றில் கறுப்புக் கட்டிகள். இன்னொன்றில் சீராகப் பரவிய சாம்பல் நிறம்.

"இது உன்னோட பிளேடு ஒடஞ்ச எடம். இந்தக் கட்டியிலேர்ந்துதான் ஆரம்பிச்சிருக்கு, பாரு. வீடியோலயும் அதே எடம்தான். அதப் பாத்தப்புறம்தான் பிசினை உருளை மெஷின்ல விட்டுத் திரும்பத் திரும்ப அரைக்கிறோம். இப்ப ஒரு கட்டிகூட இல்ல."

"கட்டி இருக்குன்னு முன்னாடியே தெரியுமா மேடம்?"

கனிமொழி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்," என்றாள். "ஆனா நீ ஓடலன்னா இது கெடைச்சிருக்காது, பானு. இனிமே இத மாட்டுற ஒவ்வொருத்தரும் உனக்குக் கடன்பட்டவங்க," என்றாள். அதை அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள்.

பானுப்பிரியா மெஷினைப் பார்த்தபடி இருந்தாள். அது பிளேடை அழுத்தியது, விட்டது, அழுத்தியது. பிளேடு ஒவ்வொரு முறையும் அலுங்காமல் நிமிர்ந்தது. இது உடையாது என்று அவளுக்கு நன்றாகவே புரிந்தது. தன் முட்டியைத் தின்றுவிட்டு இது தேறியிருக்கிறது. உடைந்துபோகிற மாதிரி இருந்திருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

விழா நடந்த கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் ராஜகுமாரி காத்திருந்தாள். புது டிராக் உடுப்பு கொடுத்திருந்தார்கள். பிளேடு மேசைமேல் பட்டுத் துணியில் கிடந்தது. வெளியே ரவிச்சந்திரன் மைக்கில் பேசுவது கேட்டது. தோல்விகளிலிருந்து கற்றோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவு வழியே தெரிந்த திரையில் உடைந்த பிளேடு மெதுவாகப் பறந்துகொண்டிருந்தது. அதை மாட்டி ஓடியவளை இடுப்புக்கு மேலே தெரியாதபடி படத்தில் வெட்டிவிட்டிருந்தார்கள்.

ராஜகுமாரி வந்து பானுப்பிரியாவின் சக்கர நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"போடட்டா? நீ போடுன்னா போடறேன்."

பானுப்பிரியா அவளுடைய முட்டியைப் பார்த்தாள். உருண்டையாக, முழுசாக, டிராக் துணிக்குள் மடங்கியிருந்தது.

"ஒடையும்," என்றாள்.

"இன்னாக்கா சொல்ற?"

"உள்ள கட்டி கட்டியா கீது. கம்ப்யூட்டர்ல காட்னாங்க, என் கண்ணால பாத்தேன். தெரிஞ்சேதான் குடுக்கறாங்க. எனுக்கும் தெரிஞ்சேதான் குடுத்தாங்கோ. கனிமொழி மேடமே ஒத்துக்கிச்சி."

கட்டியைப் பார்த்ததும் மேடம் ஒத்துக்கொண்டதும் நடந்ததுதான். படம் எந்தப் பிளேடுடையது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

ராஜகுமாரி டிராக் உடுப்பைக் கழற்றித் தன் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். கூப்பிட வந்தவர்களிடம் தனக்கு வேண்டாம் என்று சொன்னாள். ரவிச்சந்திரன் மைக்கை வைத்துவிட்டு வந்து கேட்டார், கெஞ்சினார், பிறகு அவள் ஜாதியை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார். கனிமொழி ஓடிவந்து, மெஷின் கணக்கெல்லாம் இருக்கிறது, வந்து பார் என்றாள். ராஜகுமாரி அவளைப் பார்த்து, நீங்கள்தானே அன்றைக்கு அக்காவின் காலைத் திருகிக் கழற்றினீர்கள் என்றாள். கனிமொழி பானுப்பிரியாவை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சொன்னாலும் நம்ப ஆள் இல்லை என்பதும் புரிந்தது.

வந்த விருந்தாளிகள் சாப்பிடாமல் கலைந்து போனார்கள். திரும்பும் வழி முழுவதும் ஆட்டோவில் பானுப்பிரியா ராஜகுமாரியின் தோளில் சாய்ந்திருந்தாள். அவ்வளவு லேசாக அவள் பல மாதங்களாக உணர்ந்ததில்லை.

கம்பெனி நஷ்டப்பட்டுவிடவில்லை. இரண்டு மாதத்துக்குள் ஓசூரிலிருந்து ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தார்கள். அவள் அந்தப் பிளேடில் மாநில அளவில் ஓடினாள், பிறகு தேசிய அளவில் ஓடினாள். பதக்கத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும் அவள் படத்தை எல்லோரும் செல்போனில் அனுப்பிக்கொண்டார்கள்.

ராஜகுமாரி நடக்கும் காலை மாட்டிக்கொண்டு ஒரு மாவட்டப் போட்டிக்குப் போனாள். பிளேடு மாட்டியவர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவள் கடைசி. அதன்பின் போகவில்லை. பானுப்பிரியா வேலை பார்த்த அதே பிளாஸ்டிக் கம்பெனியில் மூடி பேக்கிங்கில் சேர்ந்தாள். என்றாலும் ஞாயிறு தவறாமல் திருநின்றவூர் வந்தாள். அக்காதான் என் காலைக் காப்பாற்றினது என்று வேம்புலியம்மாளிடம் சொல்லுவாள். வரும்போது ஏதாவது சமைத்து எடுத்து வருவாள்.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பானுப்பிரியாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தவள், துவட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஓசூர்ப் பொண்ணு ஒரு வருஷமா ஓடிக்கினு கீதுக்கா. அதே பிளேடுதான். ஒடயலியே?"

இன்னும் கொஞ்ச நாளில் உடையும் என்று சொல்லியிருக்கலாம். ராஜகுமாரி நம்பியிருப்பாள், இன்னும் பல வருஷத்துக்கு வந்து தலை துவட்டியிருப்பாள். பானுப்பிரியாவுக்கு அந்த நன்றி திகட்டிப்போயிருந்தது.

"ஒடையாது. அன்னிக்கே தெரியும் எனுக்கு."

துண்டு நின்றது.

"அப்ப எதுக்குக்கா சொன்ன?"

"நீ ஓடறத என்னால பாக்க முடியாதுடி. எம் முட்டிய வச்சித்தான் அத செஞ்சாங்கோ. அதுல நீ ஏறி ஓடுவியா?"

"என்னாண்ட சொல்லியிருந்தா நானே வேணாம்னு இருப்பேனே. நீ கேட்டிருந்தா வுட்ருப்பேன்."

பானுப்பிரியா இதை எதிர்பார்க்கவில்லை. கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்திருந்தாள். அது உண்மையாக இருக்கும் என்பது, அந்தப் பெண் உண்மையிலேயே விட்டுக்கொடுத்திருப்பாள் என்பது, அவளுக்கு அந்த நொடியில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. வாயில் வந்தது வேறு.

"உன்னாண்ட பிச்ச கேக்கச் சொல்றியா?"

ராஜகுமாரி துண்டை உதறிக் கொடியில் போட்டாள். வழக்கம்போல நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைக்கவில்லை. கொண்டுவந்த டப்பாவில் இருந்த மீன் குழம்பை வேம்புலியம்மாளின் சட்டியில் ஊற்றிவிட்டு, டப்பாவைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் அவள் அம்பத்தூரில் ரவிச்சந்திரன் கம்பெனி வாசலில் போய் நின்றதாகப் பின்னால் தெரிந்தது. கனிமொழி வெளியே வந்தாள். தனக்கு அந்தப் பிளேடு கிடைக்குமா என்று ராஜகுமாரி கேட்டாள். கனிமொழி கடுமையாக எதுவும் சொல்லவில்லை. இப்போது எடுத்துக்கொள்கிற பெண்கள் எல்லோரும் பதினெட்டு வயதுக்குள் இருக்கிறார்கள், அவள் ஒன்றரை வருஷமாக ஓடாமலும் இருந்துவிட்டாள், ஆகவே கஷ்டம் என்றாள். பானு எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். ராஜகுமாரி ரோட்டைத் தாண்டித் தன் ஷிஃப்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பானுப்பிரியா குளிக்காமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ரயில்கள் வந்து போன சத்தம் கேட்டது. வேம்புலியம்மாள் வெந்நீர் காய்ந்துவிட்டது, நானே ஊற்றட்டுமா என்று கேட்டாள். அவளுக்கு முதுகு வலி, மகளைத் தூக்க முடியாது. பானுப்பிரியா வேண்டாம் என்றாள். பிறகு நாற்காலியிலிருந்து கீழே இறங்கி, இரண்டு கையையும் ஊன்றி, ஈரத் தரையில் உடம்பை இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அம்மா உள்ளே வரப் பார்த்தபோது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.